வழுவும் வழக்கும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சாவு வீடுகளில் ஒரே மனிதருக்காக இரண்டு வகைப் பாட்டுகள் பிறந்து வந்திருக்கின்றன. ஒன்று, உடலைச் சுற்றியிருந்து பெண்கள் சொல்லி அழும் ஒப்பாரி. மற்றது, முப்பத்தோராம் நாளை ஒட்டி அச்சாகி வரும் 'கல்வெட்டு' என்னும் நினைவு மலரில் இடம்பெறும் திதி வெண்பா. இறந்த வருடத்தின் பெயர், மாதம், பட்சம், திதி, ஆளின் பெயர் எல்லாம் நான்கடிக்குள் தளை தட்டாமல் அடங்கவேண்டும். அதற்கென்று ஊரில் ஒரு பண்டிதரோ ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ இருப்பார். ஓரிடத்தில் சீர் பிசகினால் அதை வாசிக்கிற இன்னொரு பண்டிதர் உதட்டைப் பிதுக்குவார். ஒப்பாரியிலோ இறந்தவர் 'நீ' ஆவார், 'நீங்கள்' ஆவார், அடுத்த அடியில் 'அவர்' ஆகிவிடுவார். செத்த மகளைத் தாய் 'என்ட ராசா' என்று கூப்பிடுவாள். பாலும் இடமும் அங்கே நிலைகொள்வதில்லை. அதில் பிழை பிடித்தவர் என்று எவரையும் யாரும் கேள்விப்பட்டதில்லை. பிடித்திருந்தால் அந்த வளவுக்குள் நின்றிருக்கவும் முடியாது.

ஆக, எங்கே பிழை பார்க்கலாம், எங்கே பார்க்கக்கூடாது என்ற விவேகம் இந்த மக்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. சிக்கல் தொடங்கியது வேறிடத்தில். வாயிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து கொப்பிக்கும், கொப்பியிலிருந்து அச்சுக்கும் பாட்டு நகர்ந்தபோது ஒவ்வொரு படியிலும் ஒரு திருத்தும் கை குறுக்கிட்டது. அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இலக்கணத்தைக் கண்டிப்பான காவற்காரனாகவே பள்ளிக்கூடம் நமக்கு அறிமுகப்படுத்தியது. மூலநூல்களைத் திறந்தால் அந்தக் காவற்காரன் அவ்வளவு கண்டிப்பானவன் அல்லன். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் முதல் இயலான நூன்மரபு, எழுத்துகளுக்கு மாத்திரை வகுத்துச் சொல்லிவிட்டு, கடைசி நூற்பாவில் இசைக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பாடும்போது உயிரும் ஒற்றும் தத்தம் அளவைக் கடந்து நீளும், அது இசை நூலுக்குரிய செய்தி என்று அதன் ஆசிரியரே சொல்லிவிடுகிறார். நன்னூல் செய்யுளுக்கென ஒன்பது விகாரங்களை அனுமதிக்கிறது. வலிக்கலாம், மெலிக்கலாம், நீட்டலாம், குறுக்கலாம், விரிக்கலாம், தொகுக்கலாம். சொல்லின் முதலையோ இடையையோ கடையையோ வெட்டியும் போடலாம். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களை எண்ணிய அதே நூல் வழுவமைதி என்றொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வீட்டுப் பசுவை 'அம்மா வந்தாள்' என்று ஒருவன் சொன்னால் அது திணைவழு. மகிழ்ச்சியில் சொன்னால் அமைதி. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு என்று காரணங்களையும் நூல் அடுக்குகிறது. சாவு வீட்டுத் தாயின் 'ராசா' இந்தக் கணக்கில் பால்வழுவமைதி. நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் அவளுக்கு முழுப் புள்ளி கொடுத்திருப்பார்.

இந்த இடத்தில் நக்கீரர் கதை எல்லாருக்கும் நினைவு வரும். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. பாட்டில் குற்றம் காண்பதைப் பற்றித் தமிழில் வழங்கும் மிகப் பெரிய கதை அது. அதில் சண்டை மூண்டதோ சொற்குற்றத்துக்காக அல்ல, பொருட்குற்றத்துக்காக. சந்தியையும் புணர்ச்சியையும் வைத்துக்கொண்டு சிவனோடு மல்லுக்கட்ட நக்கீரருக்குக்கூடத் தோன்றவில்லை.

வாவிக்கரைத் தமிழுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கையானது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966இல் இலங்கைத் தமிழின் இயல்புகளைப் பற்றி எழுதியபோது, தமிழின் பேச்சு வழக்குகள் எல்லாவற்றிலும் எழுத்து வழக்குக்கு மிக அணுக்கமானது மட்டக்களப்புப் பேச்சுத்தான் என்று மதிப்பிட்டார். பழைய கூறுகள் பலவற்றை அது காத்து வைத்திருக்கிறது என்றும் சொன்னார். சான்றுக்கு வெகுதூரம் போகவேண்டாம். 'போக ஒண்ணா' என்று படுவான்கரை விவசாயி சொன்னால், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அது பட்டிக்காட்டுப் பேச்சு. மேடையில் ஏறுகிற பேச்சாளர் 'சொல்லொணாத் துயரம்' என்று முழங்கினால் அது செந்தமிழ். இரண்டிலும் இருப்பது ஒரே வினை. 'பிறகு' என்ற பொருளில் வரும் 'மறுகா' என்ற சொல்லைக் காட்டி மட்டக்களப்பாரைக் கேலி செய்யாத வெளியூரார் குறைவு. அது 'மறுகால்' என்ற பழஞ்சொல் இறுதி மெய் தேய்ந்து நிற்பது, அவ்வளவுதான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று சூரியனை வைத்துத் திசைக்குப் பெயரிட்ட ஊர் இது. வித்துவான் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இந்தச் சொல்வளத்தைப் பெருமையோடு எடுத்துக்காட்டிய நூல். அந்தப் பெருமிதக் குரலில் ஒரு தற்காப்பும் ஒலிப்பதாக எனக்குப் படும். எங்கள் பேச்சு பிழையல்ல, பழசு என்று யாரிடமோ வாதாடுகிற தொனி. பழசாக இல்லாவிட்டால் அது பிழையாகிவிடுமா என்ற கேள்வி அந்த வாதத்தில் எழுவதேயில்லை.

யாரிடம் வாதாட வேண்டியிருந்தது என்பதும் தெளிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் இலக்கணச் சுத்தமான உரைநடைக்கும் பிழையற்ற பதிப்புக்கும் ஓர் அளவுகோலை நிறுவினார். அந்த அளவுகோல் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் வழியாகக் கிழக்குக்கும் வந்தது. மட்டக்களப்பின் புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரிடம் படித்தவர். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறியவர். 'சோழ மண்டலத் தமிழும் ஈழ மண்டலத் தமிழும்' என்று கட்டுரை எழுதி, இரு கரைத் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவரும் அவரே. இசையில் 'யாழ் நூல்' (1947) தந்தவருக்குப் பாட்டு எழுத்துக்கு அடங்காது என்பதை வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. வாவிக்கரைப் பண்டிதர்மாரை வெறும் இலக்கணக் கறார்க்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. காலையில் நன்னூல் படிப்பித்துவிட்டு இரவில் களரியில் கூத்துப் பார்க்க உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

யாழ்ப்பாணத்தவரான தி. சதாசிவ ஐயர் 1940இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்ற தொகுப்பை வெளியிட்டார். கோலடித்து ஆடும் வசந்தன் ஆட்டத்துக்குரிய பாட்டுகள் அச்சேறின. சமஸ்கிருதமும் தமிழும் கற்ற ஒருவர், கிராமத்து ஆட்டப் பாட்டைத் தொகுக்கத் தக்கதாக மதித்தார் என்பதே அந்தக் காலத்தில் பெரிய காரியம். இன்று குறை சொல்பவர்களும் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் குறை சொல்கிறார்கள்.

இப்படி அச்சுக்குப் போகும் பாட்டில் பிழை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கவேண்டும். ஏட்டில் புள்ளி இடும் வழக்கமில்லை; எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் பழைய ஏடுகளில் வேறுபாடில்லை. வசந்தன் ஏட்டில் 'கொல' என்று இரண்டு எழுத்துக் கிடந்தால் அதைக் கொல் என்றும் வாசிக்கலாம், கோல் என்றும் வாசிக்கலாம், கொல என்றும் கோல என்றும் வாசிக்கலாம். கோலடிப் பாட்டு என்று தெரிந்தவனுக்கு அது கோல். போர்க்கதை என்று நினைத்தவனுக்குக் கொல். காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்பதால் குழப்பம் இன்னும் கூடும். பாடத் தெரிந்தவன் கையில் இந்த ஏடு பிழையே இல்லாதது, ஏனென்றால் அவன் அதை நினைவுக்கு ஒரு பிடிமானமாக மட்டுமே வைத்திருக்கிறான். பாடத் தெரியாத பிரதிகாரன் கைக்குப் போகும்போது அதே ஏடு பிழைக்காடு.

ஏட்டிலிருந்து பள்ளிக்கூடக் கொப்பிக்குக் கூத்து இறங்கிய பிறகு வேறு வகைப் பிழைகள் வந்தன. வாவிக்கரைப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும். ரகரமும் றகரமும் காதுக்கு எப்போதும் பிரிந்து கேட்பதில்லை. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் காதால் கேட்டதை 'வாளி' என்று எழுதியிருந்தால் அது கிணற்று வாளியா, 'வாழி' என்ற வாழ்த்தா என்பதைப் பாட்டின் இடம் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும். அண்ணாவியாருக்கு அதில் ஐயமே இல்லை. கூத்தர்களுக்குப் பாட்டுப் பழக்குவது வாயால்தான். ஆளாளுக்கு உரிய பாட்டு வாயிலிருந்து காதுக்குப் போகும், காதிலிருந்து காலுக்குப் போகும். கொப்பி பெட்டிக்குள் இருக்கும்.

களரியிலும் பிழைக்குக் கணக்கு உண்டு. தாளம் பிந்துவது பிழை. வரவு ஆட்டத்தில் வடமோடிப் பாணிக்குரிய அடவை விட்டுத் தென்மோடிப் பாணி அடவில் விழுவது பிழை. விருத்தத்தை அரைகுறையாக இழுத்துவிட்டுத் தருவுக்குள் ஓடுவது பிழை. ஏடு பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுத்தும் பிடிக்காமல் நிற்பது மானக்கேடு. விடியவிடியப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரார் இவற்றில் ஒன்றையும் விடமாட்டார்கள். அடுத்த கூத்து வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பன்மை எழுவாய்க்கு ஒருமைப் பயனிலை வந்ததை மட்டும் ஒருவரும் கவனிப்பதில்லை. கூத்தர்கள் கறாராகத்தான் இருந்தார்கள். அவர்களுடைய இலக்கணப் புத்தகம் மத்தளத்துக்குள் இருந்தது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்த மரபை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர். 1962இல் தென்மோடிக் கூத்தான 'அலங்காரரூபன் நாடக'த்தை அச்சில் கொண்டுவந்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்றவற்றை மேடையேற்றினார். விடியும்வரை ஆடும் கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கியது. சொல் தெளிவாகக் கேட்கவேண்டும், படித்த பார்வையாளர் முகம் சுளிக்கக்கூடாது என்ற அக்கறை அந்தச் சீரமைப்பில் இருந்தது. அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். அடுத்த தலைமுறையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் போன்றோர் இந்தச் செம்மையாக்கத்தையே கேள்விக்குட்படுத்தினார்கள். கூத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போய்த் திருத்துவதை விட்டுவிட்டு, சீலாமுனை போன்ற கிராமங்களிலேயே, ஆடுகிற மக்களோடு இருந்து மீளுருவாக்கம் செய்வோம் என்பது அவர்களுடைய வாதம். எதை மாற்றுவது என்பதை அங்கே கூத்தர்களே பேசித் தீர்மானிப்பார்கள். இந்த இரு தரப்பில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. வித்தியானந்தன் இல்லாவிட்டால் விவாதிப்பதற்குப் பொருளே மிஞ்சியிருக்காது என்பது ஒரு புறம். திருத்தப்பட்டது எது, திருத்தப்படாதது எது என்று பிரித்தறிய முடியாத ஒரு பிரதி ஆராய்ச்சிக்கு அரைப் பயன்தான் என்பது மறுபுறம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடமுமில்லை. இங்கிலாந்தில் தாமஸ் பெர்சி என்ற பாதிரியார் 1765இல் பழைய கதைப்பாடல்களைத் திரட்டி வெளியிட்டார். நாகரிக வாசகருக்கு ஏற்றபடி அடிகளை இழைத்தார், விடுபட்டதை இட்டு நிரப்பினார். ஜோசப் ரிட்சன் என்பவர் மூலப்பிரதியைக் காட்டு என்று அவரைத் துரத்தித் துரத்தி அடித்தார். ரிட்சன் கேட்டது பாட்டின் பிழைகளுக்கு மன்னிப்பை அல்ல. திருத்தியவர் தன் கைத்தடத்தை மறைத்துவிட்டார் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. 1968இல் வீ. சீ. கந்தையா பதிப்பித்து, காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கம் வெளியிட்ட 'கண்ணகி வழக்குரை'யைக் கையிலெடுக்கும்போதும் எனக்கு இதே கேள்வி வரும். வைகாசிச் சடங்கில் பாடி வந்த நூல் அது. ஊர்க் கோயில்களின் பெயர்ப்பலகைகளில் அம்மனின் பெயர் 'கண்ணகை'. பாண்டிருப்பில் இருப்பவளும் 'திரௌபதை'. ஈற்று இகரம் ஐகாரமாவது இங்கே அம்மன் பெயர்களுக்கு வாய்த்த வழக்கு. சடங்கின் நிறைவில் நடப்பதை ஊர் 'குளுத்தி' என்கிறது. அறிவித்தல் நோட்டீசு 'திருக்குளிர்த்தி' என்கிறது. இளங்கோவடிகளின் எழுத்தை முன்னிறுத்தி ஒருவர் கோயிற் பலகையைத் திருத்தக் கிளம்பினால், சிலப்பதிகாரம் ஜெயிக்கும், அம்மன் தோற்பாள்.

உரைநடையில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் மூண்ட மரபுப் போராட்டத்தில், பேச்சு வழக்கைக் கதைக்குள் கொண்டுவந்த எழுத்தாளர்களைப் பண்டிதர் அணி இழிசனர் வழக்கைப் பரப்புவோர் என்று சாடியது. மட்டக்களப்பில் ஆசிரியராக வாழ்ந்த எஸ். பொன்னுத்துரை எந்த அணிக்கும் முழுதாக அடங்காமல், பேச்சையும் பழந்தமிழையும் ஒரே வாக்கியத்தில் முட்டவிட்டார். கல்முனைப் பக்கத்து நீலாவணன் இன்னும் அழகான வேலை பார்த்தார். யாப்பில் ஒரு பிசகுமில்லாத கவிஞர் அவர். அவர் மறைந்தபின் 1982இல் நூலான 'வேளாண்மை' காவியத்தில் வயல் மொழியையே யாப்புக்குள் இறக்கினார். இலக்கணம் தெரியாததால்தான் பேச்சு மொழியில் எழுதுகிறார்கள் என்ற வசையை அதன் பிறகு யாரும் அவரைப் பற்றிச் சொல்லியிருக்க முடியாது. எம். ஏ. நுஃமான் மொழியியல் பக்கமிருந்து வந்தவர். அவருடைய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' (1999) இன்றைய எழுத்துத் தமிழ் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்து விதி சொல்கிறது. 'வாப்பா', 'உம்மா' என்று பேசும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் கல்முனை, காத்தான்குடிப் பிள்ளையின் தமிழும் தமிழின் ஒரு வகைதான் என்று சொல்ல இந்தப் பார்வை இடம் கொடுத்தது.

அன்றாட எழுத்துக்கு வந்தால் கூச்சல் அதிகம், சரக்குக் குறைவு. பதாகையில் 'வாழ்த்துக்கள்' என்று போட்டால் ஒருவர் வந்து 'வாழ்த்துகள்' என்று திருத்துவார். கள் விகுதிக்கு முன் ஒற்று மிகத் தேவையில்லை என்பது அவருடைய நியாயம். 'எழுத்துக்கள்' என்று அச்சிட்ட பழைய பதிப்புகளைக் காட்டி இன்னொருவர் மறுப்பார். இரண்டு பேரும் மாப்பிள்ளையை வாழ்த்த மறந்துவிடுவார்கள். தமிழ்நாட்டார் 'டயர்', 'டிக்கெட்' என்று எழுதுவதை நாம் 'ரயர்', 'ரிக்கற்' என்று எழுதுகிறோம். டகரம் மொழிக்கு முதலில் வராது என்று இலங்கைத் தமிழாசிரியர் காரணமும் சொல்வார். தொல்காப்பியத்தின்படி ரகரமும் மொழிக்கு முதலாகாது. பிழைப் பயம் பிழையையே பெருக்குவதும் உண்டு. ழகரம் தங்கள் வாயில் வராது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் 'தளராத' என்பதைத் 'தழராத' என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் எல்லாப் பிழையையும் இப்படிச் சிரித்துவிட்டுப் போகமுடியாது. இலங்கைப் பஸ்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கையின் மேல், தகரம் நகரமாகி 'கர்ப்பிணி நாய்மார்' என்று எழுதப்பட்டிருந்த படத்தைப் பார்க்காத ஈழத்தமிழர் குறைவு. ஒரு கீற்று வித்தியாசம்தான். கூத்துக் கொப்பியில் அண்ணாவியார் இதைவிடப் பெரிய பிழைகள் விட்டிருப்பார். அண்ணாவியார் தன் மொழியில் தனக்காக எழுதினார்; பாடும்போது சரியாகவே பாடினார். பலகை எழுதியவரோ வாசிக்கத் தெரியாத மொழியில், அதை வாசிக்கப் போகிறவர்களைப் பற்றிய கவலை இல்லாமல், சட்டம் சொல்கிறது என்பதற்காக எழுதினார். சரிபார்க்க ஒரு தமிழரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1958இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், தமிழும் அரசகரும மொழியாகும் என்ற 1987இன் 13ஆம் திருத்தம் என்று நீளும் வரலாற்றின் முடிவில் அந்தப் பலகை தொங்குகிறது. அங்கே எழுத்துப்பிழை என்பது உரிமையை வாயால் கொடுத்துக் கையால் எடுப்பது. இதில் நான் எந்தப் பண்டிதரையும்விடக் கறார். ஒப்பாரிக்கு விட்டுக்கொடுப்பதை ஒப்பந்தக்காரருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகத்துப் படிவம், மருந்துச் சீட்டு, காணி உறுதி ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். காணி உறுதியில் பெயரின் ஓர் எழுத்துப் பிசகினால் நீதிமன்றம் வரைக்கும் அலையவேண்டிவரும்.

இப்போது கூத்துக் கொப்பிகளும் காவியங்களும் கணினிக்குள் போகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கிறது. கல்வெட்டுகளும் அதில் உண்டு. படமாக இருக்கும்வரை கிறுக்கலும் பிழையும் அப்படியே பிழைத்துக் கிடக்கும். தேடுவதற்காக அந்தப் பக்கங்களைத் தட்டச்சாக்கத் தொடங்கும்போது பழைய திருத்தும் கை மறுபடி வருகிறது. இந்த முறை அது பண்டிதரின் கைகூட இல்லை. சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் ஒரு மென்பொருளின் கை. 'கண்ணகி' என்று தேடுகிறவருக்குக் 'கண்ணகை' அகப்படாது. 'குளிர்த்தி' என்று தேடினால் 'குளுத்தி' வராது. ஆகவே தட்டச்சுச் செய்பவரிடம் கேட்கவேண்டியது இரண்டு வரிகளை. மேலே கொப்பியில் உள்ளது உள்ளபடி, கீழே அவருக்குச் சரியென்று படும் பாடம், இரண்டுக்கும் ஓர் இணைப்பு. பழைய பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் பாடபேதம் என்று கொடுத்தது இதைத்தான். செலவு கொஞ்சம் கூடும். அந்தக் கொப்பிகளை வைத்திருக்கும் அண்ணாவிமார் உயிரோடு இருக்கும்போதே செய்தால், ஐயமான இடத்தில் பாடிக் காட்டச் சொல்லி எது வாளி, எது வாழி என்று கேட்டும் எழுதலாம்.